புது ஜன்னலைக் கழற்றாதீர்கள்: மலை வீட்டில் சுவர் ஏன் வேர்க்கிறது?

கேட்டவர் கோத்தகிரிக்குப் பக்கத்தில் அரவேணுவில் இரண்டு வருடத்துக்கு முன் வீடு கட்டியவர். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மொட்டை மாடிக் கான்கிரீட்டின் மேல் சூடு வெளியேறாமல் தடுக்கும் இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ் நுரைப் பலகை, எல்லா ஜன்னலும் ரப்பர் பட்டை வைத்த இரட்டைக் கண்ணாடி யுபிவிசி. குளிரும் குறைந்தது, ஹீட்டர் செலவும் குறைந்தது. ஆனால் நவம்பர் பிறந்தால் கண்ணாடியின் அடியில் தண்ணீர் தேங்குகிறது. பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம். காலையில் எழுந்தால் தலை கனக்கிறது, அம்மாவுக்கு இருமல் நிற்பதில்லை. "காத்துப் போகாத ஜன்னலை வச்சதுதான் தப்பு, கழட்டிட்டு மரத்துல போடுங்க" என்கிறார் மேஸ்திரி. பெயின்ட் கடைக்காரர் நீர்புகாப் பெயின்ட் அடிக்கச் சொல்கிறார். அம்மாவோ பழையபடி ராத்திரிக்குக் கரி அடுப்பு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மூன்று பேர் சொல்வதையும் செய்ய வேண்டாம். அதிலும் கரி அடுப்பு கூடவே கூடாது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் படித்தது கட்டடக் கலை இல்லை. குன்னூர்ப் பக்கம் தேயிலை ஃபாக்டரிகளில் பராமரிப்பு வேலை பார்த்தவன். ஈரக் காற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, இலை வாட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் ராத்திரி ஷிஃப்ட்டில் நின்று கற்றது. அங்கே சுவரில் இரண்டு தெர்மாமீட்டர் தொங்கும். ஒன்றின் குமிழைச் சுற்றி ஈரத்துணி. இரண்டுக்கும் மூன்று நான்கு டிகிரி வித்தியாசம் இருந்தால் இலை வாடும். வித்தியாசமே இல்லையென்றால் விடியவிடிய ஃபேனை ஓட்டினாலும் இலை போட்டது போட்டபடி கிடக்கும். அப்போது சூட்டுக் காற்றைக் கலந்து விடுவோம். காற்று ஓட வேண்டும், ஓடும் காற்றுக்குத் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் பசியும் இருக்க வேண்டும். வீட்டுக்கும் இதே கணக்குதான்.

முதலில், உங்கள் சுவரில் இருக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது? மலையில் யாரைக் கேட்டாலும் "மிஸ்ட் உள்ளே வந்துடுது" என்பார்கள். மூடுபனியைக் கண்டதும் ஜன்னலைச் சாத்துவது நமக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். டிசம்பர் காலை, வெளியே 9 டிகிரி, எதிர் வீடு தெரியாத மூடுபனி. அந்தக் காற்றின் ஒரு கனமீட்டரில் நீராவியாக இருப்பது 9 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கூடவே மிதந்து வரும் துளிகளைச் சேர்த்தாலும் மிஞ்சிப்போனால் அரை கிராம் ஏறும். அதே காற்று உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடானால் அதனால் 15 கிராமுக்கு மேல் தாங்க முடியும். ஆக அதன் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். கண்ணுக்கு அவ்வளவு ஈரமாகத் தெரிந்த மூடுபனி, சூடான வீட்டுக்குள் வந்தால் உலர்ந்த காற்று!

உங்கள் வீட்டுத் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே உற்பத்தியாவது. நான்கு பேர் மூச்சு விடுவது, சமைப்பது, குளிப்பது, துணி காயப்போடுவது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 10 லிட்டர் அளவுக்கு நீராவி காற்றில் கலக்கிறது. கேஸ் அடுப்பு எரிவதிலேயே தண்ணீர் பிறக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் அதிகமான தண்ணீர். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் 22 லிட்டர் தண்ணீரை ஆவியாகச் சமையலறைக்குள் விட்டுவிட்டுப் போகிறது. பாத்திரத்தில் கொதிப்பது இந்தக் கணக்கில் வராது. மழைக்காலத்தில் துணியைக் கூடத்தில் கொடி கட்டிக் காயப்போட்டால், ஒரு வாஷிங் மெஷின் துணியிலிருந்து இன்னும் இரண்டு மூன்று லிட்டர்.

பழைய வீட்டிலும் இத்தனை தண்ணீரும் உண்டாயிற்றே, அங்கே ஏன் சுவர் வேர்க்கவில்லை? அங்கே வீடு முழுக்க ஓட்டை. ஓட்டின் இடுக்கு, மரச் சட்டத்தின் இடுக்கு, கதவின் அடி. வெள்ளைக்காரர்கள் கட்டிய பங்களாக்களில் அறைக்கு ஒரு கணப்பும் புகைபோக்கியும். கணப்பில் எரியும் விறகின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வானத்துக்குத்தான் போகும்; நெஞ்சு சுடும், முதுகு உறையும். ஆனால் அந்தப் புகைபோக்கி நாள் முழுக்க அறைக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளியது. யாரும் திட்டமிடாத எக்ஸாஸ்ட் ஃபேன் அது. விறகுக்குப் பஞ்சமில்லாத காலத்தில் அது கட்டுப்படியாயிற்று.

(பழையதெல்லாம் சிறப்பு என்று சொல்ல வரவில்லை. தோடர்களின் அரைவட்டக் குடிசை, குனிந்து தவழ்ந்து நுழையும் வாசலோடு, குளிருக்கு அபாரமான வடிவம். உள்ளே இருக்கும் இடம் குறைவு, அதனால் சீக்கிரம் சூடாகும். ஆனால் ஜன்னல் இல்லாத இடத்தில் அடுப்பு எரிந்தால் புகை கூரைப்புல்லைப் பூச்சியிலிருந்து காக்கும், உள்ளே இருப்பவரின் கண்ணையும் நுரையீரலையும் காக்காது.)

நீங்கள் அந்த ஓட்டைகளை அடைத்தீர்கள். அது சரியான வேலை, அதற்குக் காசு செலவழித்ததில் தவறில்லை. அடைத்தவர்கள், காற்று எங்கே உள்ளே வர வேண்டும், எங்கே வெளியே போக வேண்டும் என்று முடிவு செய்யாமல் விட்டுவிட்டார்கள். குறை அவ்வளவுதான். ஐரோப்பாவில் இத்தகைய வீடுகளின் முன்னோடி 1991-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கட்டப்பட்டது. சுவரில் ஊசி முனை அளவு இடுக்கும் இல்லாமல் அடைப்பார்கள். கூடவே இருபத்துநான்கு மணி நேரமும் அளவாகக் காற்றை மாற்றும் கருவியையும் வைப்பார்கள். நம் ஊருக்கு வந்தது அந்த ஏற்பாட்டில் முதல் பாதி மட்டும். ஜன்னல் விற்பவர் ஜன்னலை விற்றார். காற்றை விற்க ஆளில்லை.

இனி பீரோவின் பின்புறம். உள்ளே 18 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள். சாத்திய வீட்டில் சாதாரணமாக வரும் அளவு இது. அந்தக் காற்று 14.5 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பைத் தொட்டாலும் தண்ணீர் கக்கும். பழைய ஒற்றைக் கண்ணாடி 11 டிகிரியில் இருந்தது, வீட்டிலேயே அதுதான் குளிர்ந்த இடம். தண்ணீர் முழுக்க அங்கே படிந்து வழியும், அம்மா காலையில் துணியால் துடைத்துவிடுவார். இரட்டைக் கண்ணாடி ஏறத்தாழ 15 டிகிரியில் இருக்கிறது; அதன் அடி விளிம்பு மட்டும் இன்னும் குளிர்ந்து கொஞ்சம் தண்ணீர் பிடிக்கும். இப்போது வீட்டின் குளிர்ந்த இடம் எது? அறைச் சூடு எட்டாத பீரோ முதுகு, வடக்கு மூலை, ஜன்னலுக்கு மேலே லிண்டல் கான்கிரீட் போகும் கோடு, கான்கிரீட் தூண். பீரோவுக்குப் பின்னால் செங்கல் சுவர் 13 டிகிரி வரை இறங்கும். தண்ணீர் அங்கே குடிபோய்விட்டது. மேஸ்திரிக்கு ஜன்னல்மேல் சந்தேகம் வந்ததும் இதனால்தான்: ஜன்னல் மாற்றிய பிறகு சுவர் வேர்த்தது உண்மை. ஆனால் ஜன்னலைக் கழற்றினால் குளிர்தான் திரும்பி வரும்.

பூஞ்சணத்துக்குத் தண்ணீர் சொட்ட வேண்டும் என்றுகூட இல்லை. சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் நாள்கணக்கில் 80-க்கு மேல் நின்றாலே முளைத்துவிடும். நீர்புகாப் பெயின்ட் அடித்தால் சுவருக்குள் நீர் போகாது, வெளிப்பரப்பில் நிற்கும். பூஞ்சணம் பெயின்ட் மேலேயே வளரும். அறைக்கு உள்பக்கம் அடிக்க நல்லது பழைய சுண்ணாம்புதான். அதன் காரத்தில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது, ஈரத்தைக் கொஞ்சம் வாங்கி வெயில் வந்ததும் விட்டுவிடும். இருக்கும் பூஞ்சணத்தைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், விதை வீடெங்கும் பறக்கும். முகமூடி போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துத் துணியைத் தூக்கி எறியுங்கள். பிளீச்சிங் போட்டால் அதோடு பாத்ரூம் ஆசிட் எதையும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். பீரோவைச் சுவரிலிருந்து மூன்று நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, பலன் அதிகம்.

காலையில் தலை கனப்பதைப் பற்றி. இதில் இரண்டு வாயுக்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஒன்று தொல்லை, மற்றது எமன்.

தொல்லை கார்பன் டை ஆக்சைடு. வெளிக்காற்றில் இது பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இரண்டு பேர் கதவு ஜன்னலைச் சாத்திப் படுத்தால், உங்கள் ஜன்னல் மாதிரி இறுக்கமான ஜன்னலில், விடிவதற்குள் 3,000-ஐத் தாண்டும். 1,000-க்குள் இருந்தால் அறைக்குக் காற்று போதும் என்று கொள்வது வழக்கம். 1858-இல் பெட்டன்கோஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவ அறிஞர் சொன்ன அளவு, இன்றும் நிற்கிறது. இதனால் ஆள் சாவதில்லை. மந்தம், புழுக்கம், தலைபாரம், தூங்கியும் தூங்காத மாதிரி.

எமன் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தை இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்குக் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். புகையே இல்லாமல் தணலாகக் கனியும் கரிதான் மிக ஆபத்து. "புகை அடங்கிடுச்சு, இனி உள்ளே எடுத்து வைக்கலாம்" என்று நினைப்பது அந்த நேரத்தில்தான். உயரமும் நமக்கு எதிரி. 2,240 மீட்டர் உயர ஊட்டியில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் ஆக்ஸிஜன் முன்பே குறைவாகத்தான் கிடைக்கிறது.

இதில் நானும் சூடு கண்ட பூனை. எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஒரு ஜனவரி ராத்திரி, கதவடியில் சாக்கைச் செருகிவிட்டு இரும்புச் சட்டியில் கரி மூட்டினேன். நடுராத்திரியில் மனைவி தண்ணீர் குடிக்க எழுந்தவள் கால் மடங்கி விழுந்தாள். அந்தச் சத்தத்தில் விழித்தேன், எனக்கும் நிற்க முடியவில்லை. தவழ்ந்து போய்க் கதவைத் திறந்தேன். அவளுக்குத் தாகம் எடுக்காமல் போயிருந்தால் இதை எழுத ஆளில்லை. அந்த வீட்டில் ஆயிரம் இடுக்கு இருந்தது. உங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அம்மாவிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

அதனால் முதலில் ஒரு விஷயத்தைப் பாருங்கள்: கேஸ் கீசர் பாத்ரூமுக்குள் இருக்கிறதா? இருந்தால் வெளிச் சுவருக்கு மாற்றும்வரை பயன்படுத்தாதீர்கள். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது இறுக்கமான வீடு காற்றுக்குத் தவிக்கும். கணப்பின் புகைபோக்கியிலிருந்தோ கீசர் குழாயிலிருந்தோ கழிவுப் புகையைத் தலைகீழாக உள்ளே இழுக்கும். ஃபேன் ஓடும்போது எங்காவது ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். படுக்கையறையில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள். இந்த வாயுவின் எடை காற்றின் எடைதான். தரையில் தங்காது, கூரைக்கும் ஓடாது, ஆகவே படுத்தால் தலை இருக்கும் உயரத்தில் இருந்தாலும் போதும்.

கரிக்குப் பதில் எண்ணெய் நிரப்பிய மின்சார ரேடியேட்டர் கொடுங்கள். மின்சார ஹீட்டர் ஆக்ஸிஜனை எரித்துவிடும் என்பது பரவலான பேச்சு. எதுவும் எரியாத கருவி எப்படி ஆக்ஸிஜனைத் தின்னும்? காற்றை உலர்த்துகிறது என்பார்கள். நமக்கு வேண்டியதே அதுதான். சூடாக்கும் வசதி உள்ள இன்வெர்ட்டர் ஏசி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவுக்குச் சூடு தரும். வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொன்ன அளவு. வயதானவர் இருக்கும் வீட்டில் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காற்றை எப்படி மாற்றுவது? உங்கள் படுக்கையறைக்கு இரண்டு பேர் கணக்கில் மணிக்கு 43 கனமீட்டர் புதுக்காற்று போதும். "போட்ட சூடெல்லாம் போய்விடுமே" என்பீர்கள். வெளியே 9, உள்ளே 18 என்றால் இந்தக் காற்றோடு போகும் சூடு 110 வாட் அளவு. எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. நீங்கள் ஓட்டும் 2,000 வாட் ஹீட்டருக்கு முன்னால் இது கொசு.

இந்த எண்ணை வைத்துத்தான் இன்னொரு முடிவுக்கும் வந்தேன். வெளியேறும் காற்றின் சூட்டை உள்வரும் காற்றுக்கு மாற்றிக்கொடுக்கும் பரிமாற்றக் கருவி ஜெர்மனியில் பனி கொட்டும்போது அவசியம். நமக்கு வித்தியாசம் பத்து டிகிரிதான். அந்த 110 வாட்டில் எண்பதை மிச்சம் பிடிக்க அத்தனை பணம் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜன்னல் சட்டத்தின் மேல் விளிம்பில் மூடித் திறக்கும் சிறு காற்றுப் பிளவு வெட்டிக்கொடுக்கச் சொல்லுங்கள். யுபிவிசி போடுபவர்கள் பலருக்கு இது தெரியும், கேட்டால்தான் செய்வார்கள். பாத்ரூமில் சத்தமில்லாத சிறு எக்ஸாஸ்ட் ஃபேன், குளித்து முடித்தும் இருபது நிமிடம் ஓடட்டும். இரவில் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தால் படுக்கையறைக் காற்றையும் அதுவே இழுத்துவிடும், கதவடியில் முக்கால் அங்குலம் இடைவெளி இருந்தால். சமையலறையில் சிம்னி வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதன் குழாய் வெளியே போகிறதா? குழாயே இல்லாமல் வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே ஊதும் வகை நிறைய இருக்கிறது; எண்ணெய்ப் பிசுக்கும் வாடையும் குறையும், நீராவி அப்படியே சமையலறையில் இருக்கும்.

2018-இல் வந்த மத்திய அரசின் எக்கோ நிவாஸ் சம்ஹிதா (வீடுகளுக்கான எரிசக்திச் சிக்கன) விதிகள் குளிர் பகுதி வீடுகளுக்குக்கூட, திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கின்றன. 120 சதுர அடி அறைக்கு 10 சதுர அடி. உங்கள் பெரிய ஜன்னல்களில் எத்தனை பங்கு உண்மையில் திறக்கிறது, எத்தனை அசையாத கண்ணாடி என்று அளந்து பாருங்கள்.

மேலே போட்ட மூடுபனிக் கணக்கு டிசம்பருக்கு. ஜூலையில் அதை நம்பி ஜன்னலைத் திறந்தால் ஏமாற்றம்தான். அப்போது வெளியே 16 டிகிரி, சாரல், ஈரப்பதம் 95; உள்ளே ஹீட்டர் இல்லாமல் 17. வெளிக்காற்று உள்ளே வந்தாலும் 90 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். தொட்டியில் இலை வாடாத ராத்திரி இதுதான். சூடு கலந்தால்தான் வழி: காலையில் ஒரு மணி நேரம் ஹீட்டர், பிறகு பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னலை அகலத் திறப்பது. உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவம்தான் கனம். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு ஜூனிலிருந்தே இந்தப் பாடு. ஈரம் உறிஞ்சும் கருவி வாங்குவதென்றால் கம்ப்ரசர் வைத்தது 15 டிகிரிக்குக் கீழே திணறும், ஈரமுறிஞ்சிச் சக்கரம் வைத்த வகை குளிரிலும் வேலை செய்யும். கருவியை ஓட்டும் அறையில் ஜன்னலைச் சாத்துங்கள், இல்லாவிட்டால் கோத்தகிரி முழுவதையும் உலர்த்த வேண்டிவரும்.

அம்மாவின் இருமலுக்கு மருத்துவரைப் பாருங்கள். நான் சொல்லக்கூடியது, பூஞ்சணமும் தூசுப்பூச்சியும் ஈரத்தில் பெருகும் என்பதும், ஈர வாடை போக நாம் போடும் சாம்பிராணி சாத்திய அறையில் நெஞ்சுக்குக் கெடுதல் என்பதும்தான். புது மாடுலர் அலமாரி இருந்தால் அதன் பலகைப் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு கசியும், சூடும் ஈரமும் ஏற ஏற அதிகமாகக் கசியும்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி இரண்டு வாங்கி, ஒன்றைப் படுக்கையறையிலும் ஒன்றைக் கூடத்திலும் வையுங்கள். காலை எழுந்ததும், ராத்திரி படுக்கும்போதும் ஒரு வாரம் எழுதிவைத்து அனுப்புங்கள். 60-க்குள் கொண்டுவந்துவிட்டால் பீரோவின் பின்புறம் தானே காய்ந்துவிடும்.

நீங்கள் அனுப்பிய படங்களில் மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவர்த் திட்டு மட்டும் எனக்கு உறுத்துகிறது. மற்றவை மூலையிலும் பீரோ பின்னாலும் கறுப்பாக இருக்கின்றன. இது நடுச்சுவரில் பழுப்பு ஓரத்தோடு, உப்புப் பூத்து இருக்கிறது. அதன்மேல் ஓர் அடிச் சதுரப் பாலித்தீனை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். நம்மைப் பார்த்த பக்கம் நனைந்தால் அதுவும் வீட்டுக் காற்றின் வேர்வை. சுவரைப் பார்த்த பக்கம் நனைந்தால் அது மழை ஓதம். அந்த இடத்துக்கு நேர் மேலே மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் இருக்கிறதா என்று மேஸ்திரியை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.